சட்டத்துல இருக்கு, ஸ்டேஷன்ல இல்ல

கஞ்சாவோட பிடிபட்டா ஜெயில்தான்னு நினைக்கிறோம் இல்லையா? 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துலயே பிரிவு 39-னு ஒண்ணு இருக்கு மக்களே. சிறு அளவு வழக்குல குற்றம் நிரூபணமான போதை அடிமையை, அவர் சம்மதிச்சா, உடனே தண்டிக்காம நீதிபதி சிகிச்சைக்கு அனுப்பலாம். பிரிவு 64ஏ-ன்படி, தானாவே சிகிச்சைக்குப் போய் முழுசா முடிச்சா அந்தச் சின்ன வழக்கே கிடையாது.

ஆனா அவரை முதல்ல பார்க்கிறது டாக்டர் இல்ல, ஏட்டய்யா. ஹெராயினை நிறுத்தினவர் வாந்தியும் பேதியுமா சுருண்டு கிடந்தா 'நடிக்கிறான்'னு சொல்றவருக்குப் பிரிவு நம்பர் தெரிஞ்சு என்ன புண்ணியம்? பிரிவைச் சொல்லிக் கேட்க வேண்டியது வக்கீல். நடுவுல ஒரு தடவை திரும்பத் தொட்டுட்டா அது நோயோட குணம், ஏமாத்து வேலை இல்லன்னு புரிஞ்சுக்க வேண்டியது நன்னடத்தை அலுவலர். (சர்க்கரைக்காரர் ஜிலேபி தின்னா மாத்திரையை நிறுத்திடுவோமா?) புது மறுவாழ்வு மையம் கட்டறதுக்கு முன்னாடி இவங்களுக்கு டிரெயினிங் கொடுங்கய்யா. வகுப்பெடுக்க, போதையிலேர்ந்து மீண்டவர் ஒருத்தரையும் கூப்பிடுங்க.