பூட்டிய மருந்தும் அஞ்சும் கரங்களும்

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்ற மாணவன் ஒருவன், இருபத்து மூன்றாம் வயதில், நெகிரி செம்பிலான் தோட்டமொன்றின் செம்பனைக் காட்டோரத்தில் இறந்து கிடந்தான். ஹெராயின் அவன் மூச்சை அடக்கிவிட்டது. உடன் இருந்த நண்பர் இருவரும் கல்நெஞ்சர் அல்லர். முகத்தில் நீர் தெளித்தனர், பெயர் சொல்லி உலுக்கினர், பின்னர் ஓடிவிட்டனர். மருத்துவ ஊர்தியை அழைத்தால் அதற்கு முன்னே காவல் ஊர்தி வரும் என்று அஞ்சினர். "யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, வாத்தியாரையா?" என்று அவன் தாய் என்னைக் கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடியே இதனை எழுதுகிறேன்.

ஒழுக்கம் கெட்டவன் மாண்டான் என்று ஊர் பேசிற்று. அவ்வளவோடு முடிந்துவிடும் செய்தியா இது? அவனை மயக்கியது ஹெராயின்; மீட்க முடியாமற் செய்தது அச்சம். அந்த அச்சத்தை வளர்த்ததில் நம் சட்டத்துக்கும் நம் பேச்சுக்கும் பங்குண்டு.

ஹெராயின், மார்ஃபின் போன்ற அபினி இன மருந்துகள் அளவு மீறினால், மூளை மூச்சுக்கு இடும் கட்டளை தளர்கிறது. கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கும், உதடு நீலம் பாயும், மூச்சு நிற்கும். இதனை முறியடிக்கும் மருந்தின் பெயர் நலாக்ஸோன். மூளையில் அபினி பற்றியிருக்கும் இடத்திலிருந்து அதனை விலக்கி, சில நிமிடங்களில் மூச்சைத் திரும்பக் கொணரும். அது போதை தருவதன்று; பழக்கமாவதுமன்று. உடலில் அபினி இல்லாதவனுக்குக் கொடுத்தாலும் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆயினும் அதன் ஆற்றல் முப்பது முதல் தொண்ணூறு நிமிடம் வரையே நிற்கும். ஆதலின் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது இன்றியமையாதது. மருந்தும் வேண்டும், மருத்துவரை அழைக்கும் துணிவும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் பயனில்லை.

1983-ஆம் ஆண்டை நினைவு கூர்வோம். அவ்வாண்டில்தான் போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை நம் நாட்டில் சட்டமாயிற்று. அதே ஆண்டில்தான் உலகச் சுகாதார நிறுவனம் நலாக்ஸோனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டது. மருந்தோ இன்னும் மருத்துவமனையைத் தாண்டி லயத்துக்கு வரவில்லை. ஆபத்தை நேரிற் காணக்கூடிய குடும்பத்தார், நண்பர் கையில் அது இருத்தல் வேண்டும் என்று அதே நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது. மூக்கில் பீய்ச்சும் நலாக்ஸோனை மருத்துவர் சீட்டின்றி விற்க அமெரிக்கா 2023-இல் இசைந்தது.

சாமானியர் கையில் மருந்தைக் கொடுப்பதா என வினவுவோர், நம் தோட்ட வரலாற்றைத் திரும்பிப் பார்க்கட்டும். ரப்பர்க் காடு திருத்திய நாளில் மலேரியா நம் முன்னோரைக் கூட்டங்கூட்டமாக வாரிச் சென்றது. அன்று கொய்னா மருத்துவமனை அலமாரியிற் காத்திருக்கவில்லை. காலைப் பெரட்டில் நின்ற தொழிலாளியின் வாயைத் தேடி வந்தது. உழைக்கும் கை குறையலாகாது என்பது முதலாளியின் கணக்கு. இலாபத்துக்காக லயம் வரை வந்தது ஒரு மருந்து. இரக்கத்துக்காக மற்றொன்று வரலாகாதா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, போதைப்பொருளைத் தன் உடலில் ஏற்றிக்கொள்வதையே குற்றமாக்குகிறது. 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ விதிக்கலாம். நண்பனைக் காக்க அழைத்தவன் என்பதற்காக அப்பிரிவு எவனுக்கும் விலக்களிப்பதில்லை. கனடா 2017-இல் இயற்றிய சட்டம், உதவிக்கு அழைப்பவனையும் உடனிருப்பவனையும், சிறிதளவு வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து காக்கிறது, கடத்துபவனைக் காப்பதில்லை. இந்தியாவிலும் சாலை விபத்தில் உதவுவோரைக் காக்கும் பிரிவு 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்தது. இத்தகைய கருணை நம் நாடாளுமன்றத்துக்குப் புதிதன்று. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த 309-ஆம் பிரிவை அது 2023-இல் நீக்கியது. தண்டனைக்கு அஞ்சி உதவி நாடாதார் மடிவர் என்று அங்கே உணர்ந்தவர்கள், இங்கேயும் உணரலாகாதா?

மருந்து இருக்கும் துணிவில் போதை பெருகும் என்பர் சிலர். நீச்சல் வல்லானை ஆற்றங்கரையில் நிறுத்தினால், பிள்ளைகள் மூழ்க ஆசைப்படுவரோ? நலாக்ஸோன் போதையைச் சட்டென்று பறித்து உடலை வதைக்கும்; அதனை விரும்பி நாடுவாரிலர். இன்று ஷாபுவே மிகுதி, அதற்கு இம்மருந்து பயன்படாது என்பர் வேறு சிலர். உண்மையே. ஆனால் ஹெராயின் ஒழிந்துவிடவில்லை. உதவுவோர்க்குச் சட்டக் காப்பு எந்தப் போதைக்கும் பொருந்தும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு நிலையத்திலிருந்தும் திரும்பும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். முன்பு தாங்கிய அளவை அவன் உடல் இப்போது தாங்காது. வெளிவந்த முதற்சில வாரங்களே அவனுக்குப் பேராபத்து. அவனை வரவேற்கும் தாயின் கையில் நாம் கொடுத்தனுப்புவது என்ன? அறிவுரை மட்டுமே.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. 2005 முதல் மெத்தடோன் சிகிச்சை நடந்துவரும் நாட்டில், அச்சிகிச்சை பெறுவோர்க்கும் விடுதலையாவோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் நலாக்ஸோன் இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். தோட்ட மருந்தகத்தார்க்கும் ஆலயக் குழுவினர்க்கும் ஆசிரியர்க்கும் அதனைக் கையாளும் பயிற்சி வேண்டும். உயிர்காக்க அழைப்பவன் மீது 15-ஆம் பிரிவு பாயாதெனச் சட்டத் திருத்தம் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இவற்றைத் தீர்மானமாக்கி நம் தொகுதி உறுப்பினர்க்கு அனுப்புதல், இயலாத செயலன்று.

ஆசிரியப் பெருமக்களே! செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். காலத்தே செய்யும் உதவியின் பெருமையை விளக்கி எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் இடுகிறோம். அதே மாணவன் நாளை செம்பனைக் காட்டில், மூச்சற்றுக் கிடக்கும் நண்பன் அருகே நிற்கக்கூடும். அவன் ஓடுவானா, உதவுவானா? அது அவன் நெஞ்சுரத்தை மட்டும் பொறுத்ததன்று. அவன் கைக்கு நாம் எதனைக் கொடுத்தோம், எந்த அச்சத்தை அவனைவிட்டு அகற்றினோம் என்பதையும் பொறுத்தது. அந்தத் தாய்க்கு அன்று நான் விடை சொல்லவில்லை. ஓடியவர் இருவரும் என் மாணவர்களே.