காடும் திருப்பணிதான்
கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் குடியிருக்கிறார். அவரைச் சூழ்ந்திருப்பது உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையில் ஒருகாலத்தில் பரந்திருந்த இவ்வகைக் காடு, இன்று பெரும்பாலும் கோயில்களின் தயவில்தான் பிழைத்திருக்கிறது. தடித்த இலையும் கிளையோடு ஒட்டிப் பூக்கும் நீலப் பூவுமாகக் காயா மரங்கள் இங்கே நெருங்கி நிற்கின்றன. பாலையும் வீரையும் ஓங்கிய இலங்கையின் வறண்ட வலயக் காடு இதற்கு ஒன்றுவிட்ட உறவு. இதையெல்லாம் காத்தது சாமி மரத்தில் கைவைக்கக் கூடாது என்ற பயம். அந்தப் பயம் கோடரிக்கு இருக்கிறது, சிமென்ட்டுக்கு இல்லை. மொட்டைக்கும் காதுகுத்துக்கும் வரும் கூட்டத்துக்காக மண்டபம், வாகன நிறுத்தம் என்று கோயில்காடுகள் ஓரத்திலிருந்து கரைகின்றன. பக்கத்திலுள்ள கழுவெளி ஈரநிலத்தை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த அரசு, கோயில்காடுகளையும் அளந்து எல்லைக்கல் நடட்டும். குலதெய்வக்காரர்கள் பொங்கல் வைத்த இடத்தில் பிளாஸ்டிக் தட்டை விட்டுவிட்டு வரக்கூடாது. திருப்பணி நன்கொடையில் ஒரு பங்கு காயாங்கன்றுகளுக்கும் போகட்டும். கோபுரத்தைச் சில ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். இப்படியொரு காட்டை வளர்த்தெடுக்கத் தலைமுறைகள் வேண்டும்.