தேன் இல்லாத ஆண்டில் தேனீக்குக் கூலி என்ன?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

திருப்பூர் என்றவுடன் எல்லாருக்கும் பனியன் நினைவுக்கு வரும்; உடுமலைப் பக்கத்துத் தேன் எவருக்கும் நினைவுக்கு வராது. அதில் யாரைக் குறை சொல்ல? அப்பா ஓவர்லாக் தைத்த கூலியில்தான் நானே கல்லூரிப் படியேறினேன். எங்கள் குடும்பத்தில் இந்தப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் என் தாய்மாமா தேன்பெட்டிக்காரர். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே பிறருடைய தென்னந்தோப்புகளில் பெட்டி வைத்துப் பிழைப்பவர். அவர் வழக்கைத்தான் இங்கே எடுத்துப் பேச வந்திருக்கிறேன்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் நாள் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடை விடுமுறையில் வழக்கம்போல் தேன் நக்கும் ஆசையோடு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அடை கறுத்துக் கிடந்தது; மெழுகுப்பூச்சியின் புழுக்கள் அதில் நூல் கட்டியிருந்தன. நாற்பது பெட்டிகளில் பதினொன்றில்தான் ஈ இருந்தது. “ஓடிப் போயிருச்சு கண்ணு” என்றார்.

செத்துவிட்டன என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டு அடுக்குத் தேனீயின் இயல்பு அது. இரை இல்லையென்றால் அடையையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு ராணியோடு கூட்டமாகப் பறந்துவிடும். மண்ணில் ஈரம் வற்றினால் பூ பூத்தாலும் அதில் மது ஊறுவது குறைந்துவிடுகிறது. தென்னை மாதம் ஒரு பாளை விடும் மரமாதலால் தேனீக்கு அது வற்றாத அட்சய பாத்திரம். அந்த ஆண்டு பாளை சிறுத்தது, குரும்பை கொட்டியது, பல தோப்புகளில் மரமே பட்டது. வேம்பு, புளி, மேய்ச்சல் காட்டு வெள்வேல் என்று ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். அவ்வாண்டு எல்லாம் சேர்ந்து கைவிட்டன.

இருந்த ஈயைக் காக்கச் சர்க்கரைப் பாகு ஊற்றினார் மாமா. பெட்டிக்கு வாரம் கால் கிலோ சர்க்கரை. மாமி அந்தக் கோடையில் சர்க்கரை இல்லாத காப்பிதான் குடித்தார். வறட்சி நிவாரணமோ ஏக்கர் கணக்கில் வருவது. மாமாவுக்கு ஏக்கர் ஏது?

இனி என் கருத்தைச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் கூலி இரண்டு வகை. எண்ணிக்கைக்குத் தருவது பீஸ் ரேட். வந்து நின்ற நேரத்துக்குத் தருவது ஷிப்ட். ஆர்டர் இல்லாத மாதத்தில் பீஸ் ரேட்காரர் பட்டினி. இதை எங்கள் வீட்டில் பாடம் நடத்தத் தேவையில்லை. தேன் வளர்ப்பவரை நாம் பீஸ் ரேட்டிலேயே வைத்திருக்கிறோம். தேன் வந்தால் காசு, வராவிட்டால் அவர் பாடு. ஆனால் தேனீ வெறும் தேனுக்கா தோப்பில் நிற்கிறது? நெட்டைத் தென்னையின் ஒரு பாளையில் ஆண் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்து முடிந்த பிறகுதான் பெண் பூ முதிர்கிறது. ஆகவே வேறு மரத்து மகரந்தம் வந்து சேரவேண்டும். காற்று கொஞ்சம் கொண்டுவரும். மீதி வேலை பூச்சிகளுடையது, அவற்றுள் தேனீ முக்கியமானது. தேன் தராத ஆண்டிலும், பாளை ஒன்றே ஒன்று விரிந்தாலும், அது அந்த வேலைக்குப் போகத்தான் செய்கிறது. இதற்கு ஷிப்ட் கூலி யார் தருகிறார்கள்? “பெட்டி வெக்க எடம் குடுத்ததே பெருசு” என்கிறார் தோப்புக்காரர். மாமாதான் ஆண்டுக்கு இரண்டு பாட்டில் தேனை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்!

இது உலகத்தில் இல்லாத புதுமைக் கோரிக்கை அன்று. கலிபோர்னியாவின் பாதாம் தோப்புக்காரர்கள் பூக்கும் பருவத்தில் ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 200 டாலர் வாடகை தருகிறார்கள். அவ்வளவு தொலைவு போவானேன்? இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டங்களிலும் பெட்டியை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் உண்டு.

தோப்புக்காரருக்கே மரம் காய்கையில் அவர் வாடகைக்கு எங்கே போவார் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். வறட்சி ஆண்டில் பணம் வேண்டாம். சர்க்கரைச் செலவில் பாதியையும், பெட்டியருகே ஒரு சட்டித் தண்ணீரையும் அவர் ஏற்கட்டும். நாற்பது பெட்டிக்கு வாரம் பத்துக் கிலோ. அதில் பாதி ஐந்து கிலோ. ஒரு மரத்துக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுபவருக்கு இது பெருஞ்செலவா? மழை திரும்பும்போது தோப்பில் ஈ இருக்கவேண்டும் அல்லவா? 1991-92இல் தாய் சாக்புரூட் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தபோது, மீண்டும் கூட்டம் பெருக ஆண்டுகள் பல பிடித்தன. பெட்டியைத் தச்சரிடம் செய்துவிடலாம், ஈயை எந்தக் கடையில் வாங்குவது?

சென்ற ஆண்டு மூலனூர்ப் பக்கத்து முருங்கைத் தோட்டக்காரர் ஒருவர் தாமே தேடி வந்து பத்துப் பெட்டி கேட்டாராம். “வாடகை எவ்வளவு சொன்னீங்க மாமா?” என்று ஆவலோடு கேட்டேன். மாமா சிரித்தார். கேட்க வாய் வரவில்லையாம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவருக்கும் ஒரு பாட்டில் தேன் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.