கூண்டுக் கிளியும் வயற் கிளியும்

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கரையாம்புத்தூரில் எனக்குச் சிநேகிதர் ஒருவர் உண்டு. சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படியில் கால் வைத்ததுமே, வழி தவறிச் சந்தைக்குள் புகுந்துவிட்டோமோ என்ற சந்தேகம் உண்டாயிற்று. அவ்வளவு இரைச்சல்! தாழ்வாரத்துக் கம்பிவலைக் கூண்டில் பச்சையும் நீலமும் மஞ்சளுமாக இருபது குருவிகள் ஏக காலத்தில் பேசிக்கொண்டிருந்தன.

"போன வருஷம் ஒரே ஒரு ஜோடிதான் வாங்கினேன்" என்றார் நண்பர், குற்றம் செய்தவரைப் போல.

அவருடைய எட்டு வயதுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா! இதுகளைத் திறந்து விட்டால் புண்ணியம் என்று அம்மா சொல்கிறாள். விட்டுவிடலாமா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்விதான். ஆனால் பதில் அவ்வளவு சுலபமல்ல.

நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைக்கும் இந்தச் சிறு கிளியின் உண்மைப் பெயர் பட்ஜரிகர். அசல் லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு ஜாதி. பட்ஜரிகரின் ஜன்ம பூமி ஆஸ்திரேலியா. அங்கே மழை பெய்த இடத்தைத் தேடிக் கூட்டங் கூட்டமாகப் பறந்து, மரப் பொந்துகளில் முட்டையிடும். 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் பக்ஷி சாஸ்திரி இதனை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன் பிறகு எத்தனையோ தலைமுறைகள் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே வளர்ந்துவிட்டன. இன்று நம் ஊரில் அவற்றைத் திறந்து விட்டால், இரை தேடவும் தெரியாது. காக்கைக்கும் வல்லூறுக்கும் தப்பவும் தெரியாது. அது விடுதலையல்ல, மரண தண்டனை.

பாகூர் நெல் வயல்களில் கதிரைக் கொத்தும் நம் பச்சைக் கிளியின் விஷயமோ நேர் மாறானது. அதைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வானம் அதன் பிறப்புரிமை.

ஆகவே, பட்ஜரிகர் வளர்ப்போர் முதலில் யோசிக்க வேண்டியது, குஞ்சுகளுக்கு இடம் இருக்கிறதா என்பதையே. வளர்ந்த பறவைகளில் மூக்கின் மேற்பகுதி நீலமாக இருந்தால் ஆண். பழுப்பாக இருந்தால் பெண். ஒரு வயது நிரம்பிய பின்பே ஜோடி சேர்க்கலாம். பக்கத்தில் துளையிட்ட மண் கலயத்தைக் கூண்டில் கட்டினால் அதுவே பொந்தாகிவிடும். பெண் குருவி ஒன்று விட்டு ஒரு நாள் வீதம் நாலு முதல் ஆறு முட்டை வரை இடும். சுமார் 18 நாள் அடைகாக்கும். அச்சமயம் ஆண் அதற்கு இரை ஊட்டும். சம்சாரிகள் கவனிக்க வேண்டிய காட்சி! குஞ்சுகள் ஐந்து வாரத்தில் வெளியே வரும்.

தினையோடு கீரையும் கொடுங்கள். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கூண்டில் செருகுங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் முட்டை வயிற்றிலேயே சிக்கித் தாய் இறந்துபோகலாம். கூண்டைச் சமையலறையில் வைக்கவே கூடாது. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி, மனிதருக்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும்.

கலயம் தொங்கும் வரையில் முட்டையிடுவதும் நிற்காது; தாயின் உடம்பு தேய்ந்துவிடும். உடன் பிறந்தவையே ஜோடி சேர்ந்து சந்ததியும் நலியும். ஆதலால் வருஷத்துக்கு இரண்டு ஈடு போதும். பிறகு கலயத்தை எடுத்துவிட வேண்டும். நண்பர் வீட்டில் எடுக்கப்படாத கலயந்தான் இரண்டை இருபதாக்கியது.

அன்று மாலையே கலயங்களை அவிழ்த்தோம். அவற்றில் முட்டையோ குஞ்சோ இல்லை என்பதைக் குழந்தை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து உறுதி செய்தாள். பெரிய கூண்டும் பொறுமையும் உள்ள வீடுகளுக்குச் சில ஜோடிகளைக் கொடுப்பதென்று தீர்மானமாயிற்று.

"மற்றதுகள்?" என்றாள் குழந்தை.

"அவற்றுக்குத் தினமும் தண்ணீர் மாற்றுவது உன் பொறுப்பு" என்றேன். உடனே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.