கிளிக்குக் கூண்டு வாங்கும் முன்

தை பிறந்து, பட்டுப்போன தென்னை மரங்களின் பொந்துகளில் கிளிக்குஞ்சுகளின் குரல் கேட்கத் தொடங்கியதும், தோப்புப் பக்கம் ஏணியோடு வரும் பையன்களும் தென்படத் தொடங்குவார்கள். இறகு முளைக்காத குஞ்சு ஒன்று கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வரப்படுகிறது. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். 'கிளிக்கு என்ன பெரிய செலவு? நாலு நெல்லும் ஒரு கொய்யாப்பழமும்தானே' என்று பெரியவர்களும் தலையை ஆட்டி விடுகிறார்கள். கறவை மாடு வாங்குவதென்றால் பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, தீவனக் கணக்குப் போட்டு, நாலு பேரிடம் விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்கும் விவசாயி, கிளி விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இத்தனைக்கும் மாடு சில ஈற்றுக்குப் பின் கைமாறிப் போய்விடும். நன்கு பராமரித்தால் பச்சைக்கிளி இருபத்தைந்து, முப்பது ஆண்டு கூட உயிரோடிருக்கும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். கழுத்தில் வளையம் போட்ட நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டபோது இப்பறவை இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. 'காசு கொடுத்து வாங்கவில்லை, சொந்தத் தோப்பில் கிடைத்தது' என்பது சமாதானம் ஆகாது. கிளி ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. அவருக்கும் இதே சட்டம்தான்.

இன்னொரு வாதமும் கிராமங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. சூரியகாந்திப் பூவையும், சோளக் கதிரையும், கொய்யாவையும் கொத்திப் பாழாக்கும் பறவைக்கு என்ன பாதுகாப்பு என்பதே அது. கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு கிளிக்கூட்டம் வயலில் இறங்கினால் என்ன ஆகும் என்பது பரண் மீது நின்று தகர டப்பா தட்டியவருக்குத்தான் தெரியும். ஆனால், பொந்திலிருந்து இரண்டு குஞ்சுகளை எடுத்து விடுவதால் வயலுக்கு வரும் கூட்டம் குறைந்து விடுவதில்லை. மினுமினுப்பு நாடா கட்டுவதும், காலையிலும் மாலையிலும் ஆள் வைத்து விரட்டுவதும் ஒரு வழி. குஞ்சைக் கூண்டில் போடுவது வேறு கதை. அதைப் பயிர்ப் பாதுகாப்புக் கணக்கில் எழுதுவது தன்னைத்தானே ஏமாற்றிக் கொள்வதாகும்.

சரி, வெளிநாட்டுக் கிளி வாங்கிக் கொள்ளலாமே என்று கேட்கலாம். வாங்கலாம். ஆனால் எந்தக் கிளி என்பதைப் பொறுத்தது அது. 'லவ் பேர்ட்ஸ்' என்று கடைகளில் விற்கப்படும் சிறிய பட்ஜெரிகர் பறவையும், கொண்டை வைத்த காக்கட்டீலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. கூண்டில் குஞ்சு பொரித்துப் பல தலைமுறை கண்டவை. இவை சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா, சன் கோன்யூர் போன்றவை அப்பட்டியலில் உள்ளவை. இவற்றை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிகளின்படி 'பரிவேஷ்' என்ற இணையத்தளத்தின் வழியே பதிவு செய்ய வேண்டும். வாங்கினாலும், கைமாற்றினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தகவல் தர வேண்டும். ரசீது தராமல், 'பேப்பரெல்லாம் வேண்டாம், விலையைக் குறைத்துத் தருகிறேன்' என்று சொல்லும் வியாபாரியிடமிருந்து விலகிக் கொள்வதே நல்லது.

இனிச் செலவு. பறவையின் விலை இதில் மிகச் சிறிய பங்கு என்பதைப் பலர் உணர்வதில்லை. தானியம், பழம், கீரை, காய்கறி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குப் பதினைந்து ரூபாய் என்று குறைத்தே வைத்துக் கொள்வோரும் கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்க்கட்டும். ஆண்டுக்கு 5,475 ரூபாய் ஆகிறது. இருபது ஆண்டு வாழும் கிளிக்கு 1,09,500 ரூபாய். கூண்டும் மருத்துவமும் இதில் சேரவில்லை. சந்தையில் தொங்கும் வட்டக் கூண்டு கிளிக்கு ஆகாது. இரு சிறகையும் முழுதாக விரித்தாலும் கம்பியில் படாத அகலமும், ஒரு கொம்பிலிருந்து மறு கொம்புக்குத் தாவிப் பறக்கும் நீளமும் வேண்டும். மலிவான துத்தநாகப் பூச்சுக் கம்பியைக் கிளி ஓயாமல் அலகால் சுரண்டும். அந்தத் துத்தநாகமே அதற்கு நஞ்சாகும்.

பணத்தைக் காட்டிலும் பெரிய செலவு நேரம். கிளி கூட்டத்தில் வாழும் பறவை. தனியே விட்டால் கத்தும், பிறகு தன் இறகைத் தானே பிடுங்கிக் கொள்ளும். மார்பில் தோல் தெரிய உட்கார்ந்திருக்கும் கிளியைப் பார்த்து நோய் என்று மருந்து தேடுபவர்கள் உண்டு. பல சமயங்களில் அதன் நோய் தனிமைதான். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977-இல் கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007-இல் இறக்கும் வரை நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைக் கற்று, நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிக்கையையும் பிரித்துச் சொன்னது. அத்தனை மூளை உள்ள பிராணியைத் திண்ணை ஓரத்தில் தொங்கவிட்டு, போகிற போக்கில் 'அக்கா' என்று சொல்லச் சொல்வதோடு கடமை முடிந்ததாக நினைக்க முடியாது. கூண்டு துடைத்து, தண்ணீர் மாற்றி, வெளியே விட்டுப் பேசிக் கொண்டிருக்க நாளைக்கு ஒரு மணி நேரம் என்றாலும் இருபது ஆண்டில் 7,300 மணி. எட்டு மணி நேர வேலைநாளாக்கினால் தொள்ளாயிரம் ஆள்கூலிக்கு மேல் வருகிறது. அறுவடைக் காலத்தில் வீடே களத்துமேட்டில் இருக்கும்போது அந்த ஒரு மணி யாருடையது என்பதை வாங்கும் முன்பே பேசி முடிப்பது உத்தமம். பத்தாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கிய கிளியை, அவன் கல்லூரிக்குப் போன பின் பாட்டிதான் பார்த்துக் கொள்கிறாள்.

தீனி விஷயத்தில் அன்பினாலேயே கெடுக்கிறவர்கள் அதிகம். வெறும் சூரியகாந்தி விதையைக் கொடுத்துக் கொண்டே போனால் கொழுப்பு ஏறும். வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் கண்ணும் கெடும். தினை, கம்பு, நெல் இவற்றோடு முருங்கைக்கீரை, கேரட், கொய்யா, பப்பாளி சேர வேண்டும். மிளகாய் தாராளமாகக் கொடுக்கலாம். பறவைக்கு அதன் காரம் தெரியாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு போதும். நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல் நுரை' என்று கேட்டால் கிடைக்கும். பால் சோறு, காப்பி, உப்புப் பண்டம், சாக்லேட் கூடாது. கொடைக்கானல் மலைச்சரிவிலிருந்து வரும் வெண்ணெய்ப்பழம் மனிதனுக்கு நல்லது, கிளிக்கு நஞ்சு. பூச்சிமருந்து தடவிய விதை நெல்லில் மிஞ்சியதையும், மருந்தடித்து நாள் ஆகாத பழத்தையும் கூண்டில் போடும் தவறு விவசாயி வீட்டில்தான் எளிதில் நடக்கக் கூடியது. சமையலறையில் கூண்டை வைப்பதும் ஆபத்து. அடுப்பில் மறந்துபோய்க் காய்ந்த நான்-ஸ்டிக் வாணலியின் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

நோய் வந்தால் கிளி காட்டிக் கொள்ளாது. உடம்பை உப்பலாக்கிக் கொண்டு தரையில் வந்து உட்காரும்போது நாள் கடந்துவிட்டது என்று பொருள். ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும் பார்த்துப் பழகிய டாக்டர் கையை விரித்தால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போய் வரும் பஸ் கட்டணம், பறவையின் விலையைத் தாண்டவும் கூடும். கிளியின் காய்ந்த எச்சத்தூள் மூலம் மனிதருக்கும் காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் தொற்றக் கூடும் என்பதால், கூண்டை ஈரத்துணியால் துடைப்பதும் கை கழுவுவதும் அவசியம்.

இவ்வளவும் கேட்ட பிறகும் பறவை வேண்டும் என்பவர்கள், ஐந்து முதல் பத்து ஆண்டு வரை வாழும் பட்ஜெரிகர் ஜோடியோடு தொடங்கட்டும். ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும். மனிதனின் நேரத்தை அவ்வளவாகக் கேட்காது.

தோப்பில் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், அதை எடுத்துப் பொந்திலேயே விட்டுவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. அடிபட்டிருந்தால் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பட்ட தென்னையை நிறுத்தி வைத்தால் அது மட்கிக் காண்டாமிருக வண்டுக்கு இடமாகும் என்று தோப்புக்காரர்கள் சொல்வது சரியே. ஆனால் முட்டை பொரிக்க மூன்று வாரமும், குஞ்சு பறக்க ஆறேழு வாரமும்தான் ஆகும். வெட்டும் நாளைச் சித்திரைக்குத் தள்ளிப் போட்டால் போதும். வரப்போரத்தில் பொந்து விழுந்த பனை இருந்தால் அதை விட்டு வைப்பதில் நஷ்டம் ஏதுமில்லை. கிளி காலி செய்த பொந்தில் பனங்காடை வரும். ஆந்தை வந்தால் வயல் எலிக்கு வைக்கும் மருந்துச் செலவும் சற்றுக் குறையும்.