அம்புக்கு எண் 8594

அலுவலகங்களிலிருந்து வரும் மின்னஞ்சல்களில் ஒரு விசித்திரமான எழுத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். முதலில் அமைப்புகள், அதற்குள் மொழி, அதற்குள் தமிழ் என்று வழி சொல்ல வந்தவர் ஒவ்வொன்றுக்கும் நடுவில் அம்புக்குறி போட்டிருப்பார். கைப்பேசியில் திறந்தால் அம்பைக் காணோம். தலையில் சாய்கோடு வைத்த ஆங்கிலச் சின்ன ஏ நிற்கிறது. அது பிரெஞ்சுக்காரர்கள் புழங்குகிற எழுத்து. அனுப்பியவருக்கோ பிரெஞ்சு வாசனையே கிடையாது.

வேர்டில் இரண்டு சிறுகோடு தட்டி, ஒரு கூர்முனை அடைப்பைப் போட்டால் மென்பொருளே அதை அம்பாக மாற்றிவிடும். அந்த அம்பை அது எடுப்பது விங்டிங்ஸ் என்ற எழுத்துருவிலிருந்து. அங்கே அம்பு உட்கார்ந்திருக்கும் இடம், மற்ற எழுத்துருக்களில் அந்தப் பிரெஞ்சு ஏயின் இடம். ஆக, அனுப்பியது என்னவோ ஏதான். அதற்கு அம்பு வேஷம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். விங்டிங்ஸ் இல்லாத கருவியில் வேஷம் கலைந்துவிடுகிறது.

இந்த வேஷம் நமக்குப் புதிதல்ல. பாமினி எழுத்துருவில் வேலை பார்த்த டிடிபி ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘தமிழ்’ என்று வரவேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துதான். இணையத்தில் தமிழ் காலூன்றிய நாட்களில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளாதவருக்குப் பக்கம் முழுக்கக் குப்பை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. அவையும் எழுத்துருவை நம்பி நின்றவைதான். அந்தக் காலத்துக் கட்டுரைகளை மாற்றியில் போட்டுப் புரட்டினால்தான் இன்று தேடுபொறிக்கே அவை தமிழென்று தெரியும்.

யூனிகோடு வந்தபின் ஒவ்வொரு குறிக்கும் சொந்த எண் கிடைத்தது. அம்புகளுக்கென்று 112 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி. ← 8592, ↑ 8593, → 8594, ↓ 8595 என்று இடதில் ஆரம்பித்துக் கடிகார முள் போகும் வழியில் வரிசை போகிறது. வலைப்பக்கத்தின் நிரலில் &#8594; என்று எழுதினால் உலாவி → என்று காட்டும். &#2949; என்று எழுதினால் நம் அ.

அட்டவணை பார்த்து எழுதுகிறவர்கள் ஓரிடத்தில் சறுக்குவார்கள். யூனிகோடு அட்டவணைகளில் இதே அம்புக்கு 2192 என்று போட்டிருக்கும். அது பதினாறடிமான எண். வேர்டில் 2192 தட்டி ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் அம்பு வரும். அதையே வலைப்பக்கத்தில் &#2192; என்று எழுதினால் அரபு எழுத்துகளுக்கான பகுதியில் போய் விழுவீர்கள். எண் வேண்டாமென்றால் ஆர்-ஏ-ஆர்-ஆர் என்ற பெயரும் உண்டு. ஆனால் அதில் ஏயைப் பெரிய எழுத்தாகப் போட்டால் இரட்டைக்கோடு அம்பு ⇒ வந்து நிற்கும்.

அம்பையே நேராக ஒட்டிவிட்டால் ஆகாதா? ஆகும், பக்கத்தின் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று சரியாக அறிவிக்கப்பட்டிருந்தால். இல்லாவிட்டால் அம்பின் மூன்று பைட்டுகளும் தனித்தனி எழுத்தாகிவிடும்: தொப்பி போட்ட ஏ ஒன்று, சிலுவை ஒன்று, மேற்கோள்குறி ஒன்று. எண்ணாக எழுதியதற்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் இருப்பதெல்லாம் எந்தக் கணினிக்கும் தெரிந்த சாதா இலக்கங்கள். பழைய வழங்கிகளோடு மாரடிக்கிறவர்களுக்கு நான் எண்ணைத்தான் சிபாரிசு செய்வேன்.

இவ்வளவு சுற்றுக்கே அவசியம் இருந்திருக்காது என்பது என் கட்சி. 1963-இல் வந்த முதல் ஆஸ்கி தரத்திலேயே ↑, ← இரண்டும் இருந்தன. 1967 திருத்தத்தில் அவற்றை எடுத்துவிட்டு ^ குறியையும் அடிக்கோட்டையும் வைத்தார்கள். மின்னஞ்சல் முகவரிகளில் நாம் அண்டர்ஸ்கோர் என்று ஒப்பிக்கிறோமே, அது இடது அம்பின் பழைய நாற்காலி. 1982-இன் கமோடோர் 64 கணினி பழைய தரத்தை ஒட்டிப் போனதால் அதன் விசைப்பலகையில் அந்த இரண்டு அம்புகளும் பிழைத்துக் கிடந்தன.

கைப்பேசி வந்தபின் புதுத் தலைவலி. வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பென்று காட்ட ஓரத்தில் வைக்கும் ↗ (8599) சில கைப்பேசிகளில் வண்ணப் பெட்டிக்குள் இமோஜியாக வந்து குதிக்கும். எண்ணுக்குப் பின்னாலேயே &#65038; சேர்த்தால் அடங்கும்; அது ‘எழுத்தாகவே காட்டு’ என்னும் கண்ணுக்குத் தெரியாத குறி. பொத்தானில் வெறும் அம்பை மட்டும் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அதை ‘வலது அம்பு’ என்று சொல்லலாம், சொல்லாமலும் தாண்டலாம். ‘அடுத்த பக்கம்’ என்று இரண்டு சொல் எழுத என்ன கேடு?

தடித்த அம்பு வேண்டுமென்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வலது பார்ப்பதற்கு எண் 10145, இடது பார்ப்பதற்கு 11013. நடுவில் எண்ணூற்றுச் சொச்சம் இடைவெளி. ஜெர்மானிய எழுத்து வடிவமைப்பாளர் ஹெர்மன் சாப்ஃபின் வடிவங்களை வைத்து 1978-இல் வந்த சாப்ஃப் டிங்பேட்ஸ் குறித்தொகுப்பை யூனிகோடு அப்படியே எடுத்துக்கொண்டது. அதில் வலது பார்க்கும் அம்புகள் ரகம் ரகமாக இருந்தன. இடப்பக்கம் மட்டும் பார்ப்பது ஒன்றுகூட இல்லை. இடது, மேல், கீழ் மூன்றும் 2003-இல்தான் வேறொரு தொகுதியில் சேர்ந்தன. அதனால் எல்லா எழுத்துருவிலும் இரண்டும் ஒரே கையெழுத்தாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று பருத்தும் மற்றது மெலிந்தும் நிற்பதுண்டு. முன்னே பின்னே போகும் பொத்தான்களுக்கு 8592, 8594 ஜோடியே போதும்; தடிமனை ஸ்டைல்ஷீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.