எலுமிச்சம்பழம் நசுக்கினால் போதுமா?



ஆயுத பூஜை அன்று நம்ம தேனி, போடி, கம்பம் பக்கத்து ஜீப் ஸ்டாண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்று. நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம். பழத்தை வைக்கக் குனிந்தவர் டயரையும் ஒரு பார்வை பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி!

இது எனக்குச் சும்மா பேச்சு இல்லை. எங்க அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இடுக்கி மாவட்டத் தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் அதே வழியில் இறங்கி வரவேண்டும். அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் டிப்ளமோ படிக்கிறேன்.

"மூணாறுல பனி கொட்டுதே, குளிருக்குன்னு தனி டயர் இருக்காமே?" என்று ஊரில் என்னைக் கேட்கிறார்கள். இருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் இறுகிப் பிடிமானம் குறையும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மிருதுவாக இருக்கும். பனியைக் கவ்வ மெல்லிய கீறல்களும் உண்டு. மலைக்குள் பனிப்படிகம் வரைந்த முத்திரைதான் அதற்கு அடையாளம். ஜெர்மனியில் சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் அப்படிப்பட்ட டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. எல்லாக் காலத்துக்கும் ஆன டயர்களும் உண்டு. ஆனால் அவை ஒரு சமரசம்தான்.

நமக்கு அது வேண்டாம். மூணாறில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். வெயில் ஏறினால் கரைந்துவிடும். குளிர்கால டயரை மாட்டிக்கொண்டு தேனி வெயிலில் ஓடினால் சிலேட்டில் தேய்த்த பல்பம் மாதிரி தேய்ந்து போகும்.

நம்முடைய பருவம் மழை! ஜூனில் மேற்கிலிருந்து தென்மேற்குப் பருவமழை; அக்டோபரில் கிழக்கிலிருந்து வடகிழக்குப் பருவமழை. மலைச்சாலைக்கு இரண்டும் உண்டு. டயரின் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளம் அழகுக்கு இல்லை. தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. பள்ளம் தேய்ந்தால் தண்ணீர் போக வழியில்லை. வேகத்தில் டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர் மேலேயே ஏறிவிடும். அப்புறம் பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது.

எனவே டயர் வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, பள்ளத்தின் ஆழம். காருக்கும் ஜீப்புக்கும் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி. பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. மழைக்கு 3 மி.மீ. இருப்பது நல்லது. இரண்டு, வயது. பக்கவாட்டில் 2423 என்று இருந்தால் 2023-ஆம் வருடம் 24-ஆவது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போகும். செகண்ட் ஹாண்ட் வாங்குகிறவர்கள் கவனிக்கவும். மூன்று, சுமை எண். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் அந்தக் கணக்கும் போச்சு. நான்கு, பட்டன் அமைப்பு. பெரிய கட்டைப் பட்டன் தோட்டத்துச் சேற்றுக்குச் சரி; நனைந்த தார் ரோட்டில் பிடிப்பு குறைவு. வண்டி அதிகம் ஓடுவது எதில் என்று பார்த்து வாங்க வேண்டும்.

"இன்னும் ஒரு சீசன் ஓடும்ப்பா" என்பார்கள். புது டயர் பெரிய செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் செலவை மிச்சம் பிடிப்பவர் ஒருவர். உயிரைப் பணயம் வைப்பவர்கள் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள். டயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. விடிகாலை இருட்டில் டயரைப் பார்த்தா ஏற முடியும்? ஒரு ஜீப்பை விட்டால் அன்றைய கூலி போச்சு!

ஆயுத பூஜை வருவதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிடுகிறது. டயரைப் பார்க்க வேண்டிய மாதம் மே. நம் மாணவர் பேரவை வருடாவருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆழம் அளக்கும் கருவியோடு ஜீப் ஸ்டாண்டுகளுக்குப் போகட்டும். ஒவ்வொரு டயரையும் இலவசமாக அளந்து, சாக்பீஸால் அந்த எண்ணை டயர் மேலேயே எழுதி வைப்போம். ஏறுகிறவர்களும் படிக்கட்டும். படித்த படிப்புக்கு இதைவிடப் பெரிய பிராக்டிகல் வேறென்ன இருக்கிறது, தோழர்களே?